ஈ. தங்கமணியைக் காணவில்லை

ஆறாம் அத்தியாயம்

மூன்றாவது தங்கமணியும் எங்கள் தங்கமணி இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை வைத்திருக்கிறவர் அவர். எங்களைப் பார்த்ததும் சுகாதார இலாகா ஆட்கள் என்று நினைத்து, இருந்த ஐந்து மாடுகளில் இரண்டை மறைக்கப் பார்த்தார். மாட்டை எங்கே மறைப்பது? ஒன்றின் வால் என் தோளில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, "இங்க மூணு மாடுதான் ஐயா இருக்கு" என்று சத்தியம் செய்தார்.

"மாட்ட விடுங்க அண்ணே. உங்க அப்பா பேரு என்ன?" என்றேன்.

"ஏகாம்பரம்."

ஏகாம்பரத்தை இங்கிலீஷில் எழுதினால் முதல் எழுத்து ஈ. "பத்து வருசத்துக்கு முந்தி காப்பார் ரோட்டுல கம்பெனி வேலை ஏதாவது பாத்தீங்களா?"

"காப்பாரா? நான் கிள்ளானையே பாத்தது இல்ல லா."

சண்முகரத்தினம் ஐயா சாணி இல்லாத இடமாகப் பார்த்து நின்று, தன் நோட்டில் மூன்றாவது பெயரை அடித்தார். கிள்ளான் கோர்ட்டில் இருபத்தாறு வருஷம் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதும் யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறியிருக்க வேண்டிய மனிதர், ஊரார் சிக்கலையெல்லாம் அவிழ்த்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார். நான் கன்னையா. பட்டறையில் ஃபிட்டராக இருந்தேன். ஆள் குறைப்பில் என்னைக் குறைத்த பிறகு, ஐயாவுக்குக் குடையும் பையும் தூக்குகிறேன். வாயையும் நானே கொண்டுவருகிறேன், அதற்கு அவர் ஒன்றும் தருவதில்லை.

"இனி ஆரும் மிச்சமோ?" என்றார்.

"ஏழுமலை மகன் தங்கமணி தையக்காரன். வயசு பத்தொம்போது, அந்த ரோட்டுல அளவெடுக்கணும்னா எட்டு வயசுல எடுத்திருக்கணும். ஈஸ்வரன் மகன் செத்துட்டான், அவன் டெங்கில் ஊரத் தாண்டி வெளிய வந்ததே இல்லையாம். இவரு மாட்டுக்காரரு. ஈ. தங்கமணி நெசமாவே ஈயாப் பறந்துட்டான் ஐயா."

"நீர் கொஞ்சம் சும்மா இரும், கன்னையா. எனக்குக் கால் நோகுது."

எனக்கும்தான் நொந்தது. வலது செருப்பின் வார் காலையிலேயே அறுந்து, சாக்குக் கயிற்றால் கட்டியிருந்தேன். நடக்கும்போது ஒரு கால் 'டப்' என்றது, மறுகால் 'சர்ர்' என்றது. அன்று வியாழக்கிழமை. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் அந்த ஆளைப் பிடிக்காவிட்டால் தம்பு கிராணியின் கதை முடிந்தது.

தம்பு கிராணி ஐயாவின் ஊர்க்காரர். ஆபீஸ் குமாஸ்தாவை இங்கே கிராணி என்பார்கள். ஹார்க்னெஸ் கம்பெனி என்கிற ரோடு கான்டிராக்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக ரோட்டுப் படம் வரைகிறார். சதுப்பு நிலத்தில் போட்ட ரோடு ஏன் அமிழ்கிறது, அடியில் பக்காவ் என்கிற அலையாத்தி மரக் கம்புகளைப் பரப்பி அதன்மேல் கல் போட்டால் எவ்வளவு குறைவாக அமிழ்கிறது என்று அவர் ஒரு கட்டுரை எழுதினார். எழுதி, சிங்கப்பூரில் இருக்கும் தீபகற்பப் பொறியாளர் கழகத்தின் இதழுக்கு அனுப்பினார். துரைமார் மட்டும் எழுதுகிற இதழ் அது. கட்டுரை நன்றாயிருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மேற்கோள் பட்டியல் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

மேற்கோள் பட்டியல் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. எந்தச் சங்கதியை யாருடைய எழுத்தில் பார்த்தோம் என்று கட்டுரையின் கடைசியில் வரிசையாகப் போட வேண்டும், அவ்வளவுதான். அதற்குக் கழகம் அச்சடித்த விதிகள் வைத்திருக்கிறது. முதல் தடவை, 'மேற்படி' என்று போடக்கூடாது என்று வந்தது. இரண்டாம் தடவை, வருஷத்துக்கு முன்னால் கமா இல்லை என்று வந்தது. மூன்றாம் தடவை பெயர்களைத் திருப்பிப் போடச் சொன்னார்கள்: குடும்பப் பெயர் முன்னால், இனிஷியல் பின்னால். ஒவ்வொரு தடவையும் நாற்பது பக்கத்தையும் தம்பு கிராணி புதிதாக டைப் அடித்தார். கமாவால் ஒரு மனிதன் இளைத்துப்போக முடியும் என்பதை அவரைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். "சாப்பிடக் குந்தினாலும் இலையிலை விரலாலை கமா போடுறார்" என்று அவர் மனைவி புனிதவதியம்மாள் ஐயாவிடம் சொல்லி அழுதாள்.

நான்காவது தடவை அனுப்புமுன் கம்பெனி மானேஜர் வில்மட் துரை கையெழுத்துப் போட வேண்டும். துரை பட்டியலைப் படித்தார். பன்னிரண்டு மேற்கோள்களில் பதினொன்று வெள்ளைக்காரர்களின் புத்தகங்கள். ஒன்பதாவது மட்டும் இப்படி இருந்தது: தங்கமணி, ஈ., காப்பார் ரோடு மட்ட அளவுகள், கையெழுத்து நோட்டு, 1921 முதல் 1927 வரை.

கட்டுரை முழுதும் நிற்பது அந்த ஒன்பதாவதின் மேல்தான். காப்பார் ரோட்டோரம் இரும்புக் கம்பங்கள் நட்டு, மாதாமாதம் ரோடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஆறு வருஷம் ஒருவன் பார்த்து எழுதியிருக்கிறான். துரை சம்பளப் புத்தகத்தைப் புரட்டினார். அப்படி ஒரு ஆள் இல்லை. நோட்டைக் கேட்டார். அளவுகளைத் தம்பு கிராணி அட்டவணையாக எடுத்து வைத்த பிறகு, அதைக் கரையான் தின்று மூன்று வருஷம் ஆகிவிட்டது.

"ஆளும் இல்லை, நோட்டும் இல்லை. இந்தக் கணக்கை நீயே உட்கார்ந்து எழுதினாயா, தம்பு?" என்று கேட்டிருக்கிறார்.

இது 1932. எந்தக் கம்பெனியைப் பார்த்தாலும் ஆள் குறைப்பு. சனிக்கிழமை மத்தியானம் துரை குறைப்புப் பட்டியலில் கையெழுத்துப் போடுகிறார். வேலை போவது ஒரு பக்கம். பொய் அளவு எழுதினவன் என்று குறிப்புப் போட்டு அனுப்பினால் இந்த நாட்டில் எந்த ஆபீஸ் படியையும் மிதிக்க முடியாது. தம்பு கிராணிக்கு வயது ஐம்பது.

"அண்ணை, நான் என்ரை கண்ணாலை கண்டனான்" என்று அவர் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நோட்டின்ரை கடைசிப் பக்கத்திலை 'அளவு பார்த்தது' எண்டு தமிழிலை போட்டு, கீழே பேரும் இருந்தது. அதைத்தான் நான் இங்கிலீசிலை எழுதினனான். ஆளை நான் ஒருநாளும் கண்டதில்லை."

அதற்காகத்தான் மூன்று நாளாகத் தங்கமணிகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

"ஒருத்தன் பாக்கி இருக்கான் ஐயா" என்றேன் கொட்டகையை விட்டு வெளியே வந்ததும். "கிள்ளான் பாசார்ல மீன் விக்கிறான். எல்லப்பன் மகன் தங்கமணி."

ஐயா பெருமூச்சு விட்டார். "போவம்" என்றார்.

கிள்ளான் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஐயா சப்பாத்தைக் கழற்றிக் காலை நீட்டிக்கொண்டார். "அந்தக் கடிதத்தை இன்னொருக்கால் வாசியும்" என்றார்.

சம்பளப் புத்தகத்தில் அந்த வருஷங்களில் காப்பார் ரோட்டு அளவு வேலைக்கு மூன்று பெயர்கள் இருந்தன: அய்யாவு, பக்கிரிசாமி, ராதாகிருஷ்ணன். அய்யாவு ஊருக்குப் போய்விட்டார். பக்கிரிசாமி இறந்துவிட்டார். ராதாகிருஷ்ணன் இப்போது அதே ரோட்டில் கம்பெனியின் கல் கிடங்குக்கு வாச்மேன். துரை சொல்லித் தம்பு கிராணி அவருக்குத் தமிழில் கடிதம் போட்டு, பதிலும் வந்திருந்தது. அந்தப் பதிலைத்தான் நான் நான்காம் முறையாகப் படித்தேன்.

"'கனம் பொருந்திய துரை அவர்கள் சமுகத்திற்கு. தாங்கள் விசாரித்தபடி, தங்கமணி என்ற பெயரில் ஆள் எவரும் இந்தக் கம்பெனியில் வேலை பார்த்ததில்லை. இப்படிக்கு, கீழ்ப்படிந்துள்ள, இராதாகிருஷ்ணன், காவல், கல் கிடங்கு, காப்பார் ரோடு.' முத்து முத்தா எழுதியிருக்காரு ஐயா. இந்தக் கையெழுத்து எனக்கு இருந்தா நான் பட்டறைக்கா போயிருப்பேன்? கிராணி ஆயிருப்பேன்."

"'தெரியாது' எண்டு எழுதேல்லை, கவனிச்சீரோ?"

"வேலை பாக்கலன்னா தெரியாதுன்னுதானே ஐயா அர்த்தம்?"

"கோர்ட்டிலை அப்பிடி இல்லை. தெரியாது எண்டவன் வேறை. வேலை பாக்கேல்லை எண்டவன் வேறை." சொன்னவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்று எனக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. அன்று குறட்டை வந்தது.

கிள்ளான் பாசாரில் எல்லப்பன் மகன் தங்கமணி இருந்தான். அவனுக்குத் தன் பெயரையே எழுதத் தெரியாது. ஆறு வருஷம் மட்டம் எழுதியவன் அவனாக இருக்க முடியாது. அரைக் கட்டி எடைக்குச் சுறா வாங்கிக்கொண்டால் வேறு ஏதாவது தகவல் சொல்கிறேன் என்றான். நாங்கள் வாங்கவில்லை.

வெயிலில் தெருவோரம் நடந்து வந்தோம். எனக்கு வாய் சும்மா இருக்காது, எதையாவது சொல்லிக்கொண்டே வர வேண்டும். எதிரே ஒரு ஜவுளிக்கடைப் பலகை தெரிந்தது.

"அதப் பாருங்க ஐயா. பெயின்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. தமிழ்ல 'இ. பழனியப்பன்'னு எழுதியிருக்கான். கீழ இங்கிலீஷ்ல 'ஆர். பழனியப்பன்'. ஒரே ஆளுக்கு ரெண்டு அப்பன்!"

ஐயா நின்றுவிட்டார். பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. குடையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு விறுவிறு என்று கடைக்குள் ஏறினார்.

"முதலாளி, உங்கட தகப்பனார் பேர் என்ன?"

கல்லாவில் இருந்த பழனியப்பன், வேட்டி எடுக்க வந்தவர் ஏன் அப்பன் பெயரைக் கேட்கிறார் என்று முழித்தார். "இராமசாமி" என்றார்.

"அப்ப இங்கிலீசிலை ஏன் ஆர் எண்டு போட்டியள்?"

"ராமசாமிக்கு ஆர்தானே சார் போடணும்? தமிழ்ல 'ரா' மொத எழுத்தா வராது, முன்னால 'இ' போட்டுத்தான் எழுதணும்னு வாத்தியாரு பிரம்பால சொல்லிக்குடுத்தாரு. அதனால தமிழ்ல இ, இங்கிலீஷ்ல ஆர். ரெண்டும் சரின்னு பெயின்டர்கிட்ட நான்தான் சண்டை போட்டு எழுத வெச்சேன்."

ஐயா கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "கன்னையா, மூண்டு நாளாய் நாங்கள் ஈயைத் துரத்தினம். அது ஈ இல்லை, இ. நோட்டிலை இருந்தது தமிழ்க் கையெழுத்து. 'இ. தங்கமணி.' தம்பு அதைப் பாத்து, காதுக்குக் கேட்டபடி இங்கிலீசு ஈயைப் போட்டிட்டான். அந்த இ, இல்லாத எழுத்து. ராவைத் தாங்கிப் பிடிக்கிறதுக்கு முன்னாலை வாற முட்டு. இப்ப கடிதத்தை எடும்."

எடுத்தேன். பார்த்தேன். சம்பளப் புத்தகத்தில் ராதாகிருஷ்ணன். கடிதத்தில் இராதாகிருஷ்ணன். பள்ளிக்கூடத்தில் ஒழுங்காக அடி வாங்கிப் படித்த கை எழுதியது.

"அப்ப தங்கமணி இவரு மகனா?" என்றேன். "பெத்த மகனையே அப்படி ஒரு ஆள் இல்லன்னு எழுதிக்குடுத்தாரா? என்ன மனுசன் ஐயா இவரு!"

"கேப்பம்" என்றார். பழனியப்பனிடம் ஒரு துண்டு வாங்கினோம். சும்மா எழுந்து போவது முறையில்லை.

காப்பார் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மூன்றரை மணி. கல் கிடங்கு ரோட்டோரமே இருந்தது. முள்கம்பி வேலி, மரக் கேட், உள்ளே குவியல் குவியலாகக் கல். கேட்டை ஒட்டிய கொட்டகையில் ஒரு முக்காலியில் காக்கிச் சட்டை போட்ட கிழவர் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன் அவரே பேசினார்.

"ரெண்டு பேரு வந்திருக்கீங்க. ஒருத்தருக்குச் செருப்பு வாரு அந்துபோயி கயித்தால கட்டியிருக்கு. இன்னொருத்தரு பூட்ஸு, கால்வலிக்காரரு. யாரு நீங்க?"

"பெரியவரே, நீங்க எங்க ஐயா வேலைக்கு வந்திருக்கணும்" என்றேன். "அவரு மூணு நாள்ல கண்டுபிடிச்சத விட நீங்க மூணு நிமிசத்துல கண்டுபிடிச்சுட்டீங்க."

கிழவர் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை. அவர் கிழவரின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்போதுதான் கவனித்தேன். கிழவர் என்னோடு பேசினாலும் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த தென்னை மரத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"உங்கட மகன் தங்கமணியைப் பாக்க வந்தனாங்கள்" என்றார் ஐயா மெதுவாக.

கிழவரின் சிரிப்பு நின்றது. "எனக்கு மகன் கிடையாதுங்க. மாரியாத்தா மேல ஆணையா கிடையாது."

அந்த நேரம் ரோட்டில் லோரிச் சத்தம் கேட்டது. கல் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் உரக்க வந்தது: "லோரி ரெண்டுப்பா! முன்னால வர்றது பெருங்கல்லு! கேட்டத் தெறங்க!" கிழவர் தடவாமல் தடுமாறாமல் எழுந்து கேட்டைத் திறந்தார். லோரிகள் உள்ளே போன பிறகு, கையில் சிலேட்டும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பதுக்குள் இருக்கும். தலையில் வெயிலுக்குத் துண்டு கட்டியிருந்தாள். லோரி எண்ணும் கல்லின் அளவும் சிலேட்டில் இருந்தன, முத்து முத்தாக.

நான் கடிதத்தைப் பார்த்தேன், சிலேட்டைப் பார்த்தேன். மூன்று நாள், நான்கு தங்கமணி, உயிரோடு இருந்த மூன்று பேரும் மீசைக்காரர்கள். தங்கமணி பெண்ணாக இருக்கலாம் என்று எங்கள் இருவரில் ஒருவனுக்காவது தோன்றியதா? எங்கள் வீட்டிலேயே அத்தை பெயர் தங்கமணி. என்னை நானே ஒரு அறை விடலாம் போல் இருந்தது.

"தங்கமணி?" என்றார் ஐயா.

அவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்தப் பேருல ஆளு யாரும் கம்பெனியில வேலை பாத்ததில்ல."

"பாத்தனீர் எண்டு நான் சொல்லேல்லை, பிள்ளை. நீர் எழுதினது உண்மை. சம்பளப் புத்தகத்திலை உம்மட பேர் இல்லை. ஆனால் ஆறு வருசம் மட்டம் பாத்தது ஆர்?"

அவள் கிழவரைப் பார்த்தாள். கிழவர்தான் சொன்னார். "சொல்லிரும்மா. இந்தக் கால்வலிக்காரரு குரல்ல கெட்டது இல்ல."

பிறகு அவள் சொன்னாள். 1921இல் அப்பாவுக்குக் கண்ணில் புகை படர ஆரம்பித்தது. கம்பத்தில் இருக்கிற கோடு அவருக்குத் தெரியவில்லை. கண் போச்சு என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், கம்பெனி லயத்து வீட்டிலிருந்து வெளியேற வேண்டும். அதனால் அவள் கூடப் போனாள். தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோகிற மாதிரி மாதாமாதம் போய்ப் பன்னிரண்டு கம்பத்தையும் பார்த்து எழுதினாள். பெரிய வெள்ளம் வந்த வருஷம் இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்தாள். ஒரு மாதம்கூட விடவில்லை.

"அப்ப கடைசிப் பக்கத்திலை பேரைப் போட்டது?" என்றார் ஐயா.

தங்கமணி சிலேட்டைப் பார்த்தாள். "தப்புதான். ஆறு வருசம் எழுதிட்டு, நோட்ட ஆபீசுக்குக் குடுக்கிற அன்னிக்கு, ஒரு தடவ என் பேர எழுதிப் பாக்கணும் போல இருந்துச்சு. எவன் படிக்கப்போறான்னு நெனச்சேன்."

"ஒருத்தர் படிச்சார்" என்றார் ஐயா. தம்பு கிராணியைப் பற்றிச் சொன்னார். மூன்று தடவை திரும்பி வந்த நாற்பது பக்கத்தைப் பற்றி, இலையில் போடும் கமாவைப் பற்றி, சனிக்கிழமை மத்தியானத்தைப் பற்றி.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "எங்க அளவ அவரு நம்புனாரா?"

"நாப்பது பக்கம் நம்பினவர்."

அவள் கண் கலங்கியது. ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "ஐயா, நான் வந்து சொன்னா அவரு பொழச்சுக்குவாரு. எங்கப்பா? அன்னிக்கே கண்ணு தெரியாம சம்பளம் வாங்குனாரு, இன்னிக்கும் கண்ணு தெரியாம காவல் காக்குறாருன்னு துரை கண்டுக்குவாரு. இந்தக் குறைப்பு லிஸ்டுல அவரு பேரப் போட்டுட்டு எங்களயும் வெளிய தள்ளுவாரு. நான் அவரப் பாத்துக்கணும், ஐயா. அந்த கிராணியப் பாத்துக்க அவரு சம்சாரம் இருக்கு."

அவள் சொன்னது நியாயம். தம்பு கிராணியும் நியாயம். ஆளைக் கண்டுபிடித்தும் காரியம் ஆகவில்லை என்றால், கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம். அலுத்துப்போய்க் கல் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஐயா, "அந்தச் சிலேட்டை ஒருக்கால் தாரும், பிள்ளை" என்றார். பையிலிருந்து கழகம் அச்சடித்த விதித் தாளை எடுத்து முழங்காலில் விரித்துக்கொண்டார். "குடும்பப் பேர் முன்னுக்கு. இனிஷியல் பின்னுக்கு. தம்பு இதையும் பிழையாய்த்தான் செய்திருக்கிறான். உம்மட பேரை இங்கிலீசுக்காரன் கேட்டால் எப்பிடிச் சொல்லுவன்? தங்கமணி ராதாகிருஷ்ணன். அவனுக்குக் கடைசியிலை நிக்கிறதுதான் குடும்பப் பேர். அதைத் தூக்கி முன்னுக்குப் போட்டால்..."

சிலேட்டில் இங்கிலீஷில் எழுதி, எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினார்: ராதாகிருஷ்ணன், டி.

"ராதாகிருஷ்ணன் சம்பளப் புத்தகத்திலை இருக்கிறார். காப்பார் ரோடு, அளவு வேலை, அதே வருசம். துரை அதைத்தான் தேடுவார், அது கிடைக்கும். கண்ணைப் பற்றி ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

தங்கமணி சிலேட்டையே பார்த்தாள். "அப்பா பேரு முழுசா இருக்கு. நான் ஒரு எழுத்தா?"

"ஓம்."

"தமிழ்ல எழுதுனா நான் முழுசா இருப்பேன். அப்பா ஒரு எழுத்து."

"ஓம், பிள்ளை."

"இதுல பொய் ஏதாவது இருக்குங்களா?"

"ஒரு எழுத்தும் பொய் இல்லை. விதிப்படி பாத்தால் இதுதான் சரி." ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுதான் எனக்கும் அலுப்பாய்க் கிடக்கு."

அவள் எழுந்து கொட்டகைக்குள் போனாள். வரும்போது ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். உள்ளே ஆறு சின்ன நோட்டுகள். கம்பத்தடியில் நின்று பென்சிலால் எழுதிய அசல் அளவுகள் அவை. ஆபீசுக்குப் போனது அவற்றின் நகல். தேதி, கம்ப எண், அளவு, ஓரத்தில் 'மழை', 'வெள்ளம்', 'அப்பாவுக்குக் காய்ச்சல்' என்று குறிப்பு. எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லை.

"திருப்பிக் குடுத்துருவீங்கல்ல?" என்று கேட்டாள்.

"நானே கொண்டாந்து குடுப்பேன் அக்கா" என்றேன். என்னைவிட அவள் சின்னவள். ஆனாலும் வேறு வார்த்தை வரவில்லை.

வெள்ளிக்கிழமை முழுதும் தம்பு கிராணி மறுபடியும் டைப் அடித்தார். ஒன்பதாவது மேற்கோளுக்கு வந்தபோது ஐயா நடந்ததைச் சொன்னார். அவர் மெஷினிலிருந்து கையை எடுத்தார். "அண்ணை, இந்த ஒரு வரியிலை அந்தப் பிள்ளையின்ரை பேரை முழுசாய்ப் போட்டு நான் பிழையாய் அடிக்கட்டோ?" என்று கேட்டார். அடித்தால் மறுபடி திரும்பி வரும் என்று ஐயா சொன்னார். கமா, புள்ளி எல்லாம் சரியாகவே அடித்தார்.

சனிக்கிழமை வில்மட் துரை நோட்டுகளைப் புரட்டினார். தமிழ் எழுத்துக்குப் பக்கத்தில் எண்களெல்லாம் அவர் படிக்கக்கூடிய எண்கள்தான். நாலைந்து இடத்தைத் தம்பு கிராணியின் அட்டவணையோடு ஒத்துப் பார்த்தார். சம்பளப் புத்தகத்தில் விரலை வைத்தார். "ராதாகிருஷ்ணன்! பெயரைத் தலைகீழாக எழுதி இத்தனை தொல்லை கொடுத்திருக்கிறாயே, தம்பு! உங்கள் ஆட்களுக்கு எது முன், எது பின் என்று என்றைக்குத்தான் தெரியப்போகிறதோ!" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். குறைப்புப் பட்டியலில் ஒரு பெயரை அடித்தார். தம்பு கிராணி, "மன்னிக்க வேணும், துரை" என்றார். நான் சொல்ல நினைத்ததை ஐயா என் காலை மிதித்து நிறுத்தினார். அதே அறுந்த செருப்புக் காலை.

இதழ் வருவதற்கு நான்கு மாதம் ஆனது. ஐயாவுக்குக் கால் வீங்கியிருந்ததால் நான் மட்டும் பிஸ்கட் டின்னையும் இதழையும் எடுத்துக்கொண்டு காப்பார் போனேன். இந்தத் தடவை புதுச் செருப்பு. இருந்தாலும் கிழவர், "கயிறு அவுந்துபோச்சா தம்பி?" என்று கேட்டார்.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து தங்கமணியிடம் கொடுத்தேன். அவள் ஒன்பதாவது வரியில் கண்ணை வைத்தாள். அப்புறம் எடுக்கவே இல்லை.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றார் கிழவர்.

"உங்க பேரு போட்டிருக்குப்பா. அச்சுல."

"எம் பேரா? நான் என்னத்தப் பாத்தேன்?" கிழவர் கையை நீட்டினார். "உம் பேரு எங்க? அதக் காட்டு."

"அதுக்குப் பின்னால இருக்குப்பா. சின்னதா."

"எம் பேரு எவ்வளவு நீளம் இருக்கு? அது மேல எங்கைய எடுத்து வை."

அவள் அவர் கையைப் பிடித்து வரியின் மேல் வைத்தாள். நீளமான பெயர்தான். அவருடைய கட்டைவிரல் அதை முழுதாக மறைத்தது. கிழவர் முகத்தை என் பக்கம், ஏறக்குறைய என் பக்கம், திருப்பினார்.

"தம்பி, இப்பப் படிங்க. என்ன தெரியுது?"

"டி" என்றேன்.

"எம் பொண்ண 'டி' போட்டுக் கூப்பிட நீங்க யாரு?"

அவர் கட்டைவிரலை எடுக்கவில்லை.

"முழுசாப் படிங்க தம்பி."

"தங்கமணி" என்று படித்தேன்.

"கேக்கல."

லோரிக்காரர்களும் திரும்பிப் பார்க்கும்படி உரக்கப் படித்தேன். தங்கமணி சிலேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.